மார்ச் மாதக் கொள்முதலும் முடங்கிக் கிடக்கும் பொருள்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அரசுத் துறைகளின் வீண்செலவு பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம் கவனம் இரண்டு இடங்களுக்குத்தான் செல்கிறது. ஒன்று விழாக்களும் விளம்பரங்களும். மற்றொன்று ஒப்பந்தங்களில் கைமாறும் கமிஷன். இரண்டும் கண்டிக்க வேண்டியவையே. உங்கள் நாளிதழும் பிற இதழ்களும் அவற்றைப் பற்றித் தொடர்ந்து எழுதி வருகின்றன. மாவட்ட அளவிலான அரசு அலுவலகங்களில் கணக்குப் பிரிவிலும் பண்டகப் பிரிவிலும் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், யாருடைய கண்ணையும் உறுத்தாமல் ஆண்டுதோறும் நடந்துவரும் வேறொரு விரயத்தை இக்கடிதத்தில் எடுத்துச்சொல்ல விரும்புகிறேன். விதிப்படி விலைப்புள்ளி கோரி, விதிப்படி குறைந்த விலைக்கு வாங்கி, விதிப்படி பட்டியல் (பில்) தயாரித்துக் கருவூலத்தில் பணம் பெற்று, தணிக்கையிலும் தடை எதுவும் எழாமல், யாருக்கும் தேவைப்படாத ஒரு பொருள் அலுவலகத்துக்குள் வந்து சேர்ந்துவிடுகிறது. அந்தக் கொள்முதலில் ஒருவர்கூட ஒரு ரூபாய் கையூட்டுப் பெற்றிருக்க வேண்டியதில்லை. அப்படியிருந்தும் மக்களின் பணம் முழுவதும் வீணாகிவிடுகிறது.

இதன் வேர் மார்ச் மாதத்தில் இருக்கிறது. நிதியாண்டு மார்ச் 31 அன்று முடிகிறது. சட்டமன்றம் ஒப்புதல் அளித்த ஒதுக்கீட்டில் அன்றைக்குள் செலவிடப்படாத தொகை காலாவதியாகிவிடும், அடுத்த ஆண்டுக்கு எடுத்துச்செல்ல இயலாது. அரசு ஒவ்வோர் ஆண்டும் மக்கள் பிரதிநிதிகளிடம் வந்து அனுமதி பெற்றுத்தான் செலவிட வேண்டும் என்ற நோக்கத்தில் பிறந்த ஏற்பாடு இது. அதைக் குறை சொல்வதற்கில்லை. அந்த ஏற்பாட்டைச் சுற்றி நிர்வாகம் வளர்த்துக்கொண்ட பழக்கங்களைத்தான் குறை சொல்ல வேண்டும். ஏப்ரலில் தொடங்கும் ஆண்டுக்கான ஒதுக்கீடு, தலைமைச் செயலகத்தில் நிர்வாக ஒப்புதல் பெற்று, துறைத் தலைமை வழியாகப் பிரித்தளிக்கப்பட்டு, மாவட்ட அலுவலகத்தின் கைக்கு வரும்போது பல நேரங்களில் டிசம்பரோ ஜனவரியோ ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு திருத்திய மதிப்பீட்டில் மிச்சமிருக்கும் தொகையும் சேர்ந்துகொண்டு, பிப்ரவரி கடைசியில் கூடுதல் ஒதுக்கீடாக வந்து இறங்குகிறது. கூடவே ஒரு வாய்மொழி உத்தரவும் வருகிறது: சரண்டர் செய்யாமல், அதாவது பணத்தைத் திருப்பி ஒப்படைக்காமல், செலவழித்து முடியுங்கள்.

ஏன் சரண்டர் செய்யக் கூடாது? பணத்தைத் திருப்பி ஒப்படைத்த அலுவலகத்துக்கு அடுத்த ஆண்டு ஒதுக்கீடு குறைக்கப்படும் என்ற அச்சம் ஒருபுறம். ஆய்வுக் கூட்டங்களில் ஒவ்வோர் அலுவலரின் திறமையும் ஒதுக்கீட்டில் எத்தனை சதவீதம் செலவாகியிருக்கிறது என்ற ஒரே எண்ணைக் கொண்டு அளக்கப்படுவது மறுபுறம். செலவு தேவைப்படவில்லை என்று பணத்தை மிச்சப்படுத்திய அலுவலர் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. தேவையற்ற பொருளை வாங்கிக் குவித்தவர் நூறு சதவீதச் சாதனையாளராக அமர்ந்திருக்கிறார். மிச்சம் பிடித்தவரைக் குற்றவாளியைப் போல நிறுத்தும் எந்த நிர்வாகத்திலும் சிக்கனம் வளர வழியில்லை என்பதை என் பணிக்காலம் முழுவதும் கண்டிருக்கிறேன்.

நம் விதிகள் இதை அறியாதவை என்று சொல்ல முடியாது. மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017, ஆண்டின் இறுதி மாதங்களில் செலவை அவசரமாகக் குவிப்பதை நிதி ஒழுங்கு மீறல் என்றே குறிப்பிட்டு, அதைத் தவிர்க்க வேண்டும் என்கின்றன. கடைசிக் காலாண்டில் 33 சதவீதத்துக்கு மேலும், மார்ச் மாதத்தில் மட்டும் 15 சதவீதத்துக்கு மேலும் செலவிடக் கூடாது என்று மத்திய நிதி அமைச்சகம் வரம்பு வகுத்திருக்கிறது. தன் சொந்தப் பணத்தைச் செலவிடும்போது சாதாரண விவேகமுள்ள ஒருவர் காட்டும் அதே விழிப்பைப் பொதுப்பணத்தைச் செலவிடும் ஒவ்வோர் அலுவலரும் காட்ட வேண்டும் என்ற நெறியும் அவ்விதிகளில் இருக்கிறது. தமிழ்நாடு நிதி விதித்தொகுப்பிலும் இதே நெறி உண்டு, துறைத்தேர்வு எழுதும் அரசு ஊழியர்கள் படித்துத் தேறியதுதான். இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் மாநில நிதி அறிக்கைகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு, முதலில் ஒதுக்கிய தொகையே செலவாகாத நிலையில் துணை மானியக் கோரிக்கை வழியாக மேலும் பணம் பெறப்பட்டதும், பெரும் தொகைகள் மார்ச் கடைசி நாளில் ஒப்படைக்கப்பட்டதும் புதிய செய்திகளாக இரா. ஆண்டு மாறுகிறது, பத்தி மாறுவதில்லை.

மார்ச்சில் என்ன வாங்கப்படுகிறது என்பதைப் பார்த்தாலே நோய் விளங்கிவிடும். இரண்டு மூன்று வாரங்களுக்குள் விலைப்புள்ளி பெற்று, பொருள் வந்து இறங்கி, பட்டியல் கருவூலத்துக்குப் போயாக வேண்டும். ஆகவே வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கக் கூடியவை மட்டுமே வாங்கப்படுகின்றன: கணினி, அச்சுப்பொறி, சுழல் நாற்காலி, பீரோ, குளிர்சாதனக் கருவி, யு.பி.எஸ்., குடிநீர் சுத்திகரிப்புக் கருவி. மழைக்காலத்தில் ஒழுகும் கூரையை அந்த இரண்டு வாரங்களில் செப்பனிட முடியாது. அதற்குப் பொதுப்பணித் துறையின் மதிப்பீடு வேண்டும், தொழில்நுட்ப ஒப்புதல் வேண்டும், அதற்கான கணக்குத் தலைப்பே, அதாவது பணம் ஒதுக்கப்படும் செலவு இனமே, வேறு. ஒரு தலைப்பில் இருக்கும் பணத்தை மறு ஒதுக்கீட்டு ஆணை இல்லாமல் இன்னொரு தலைப்புக்கு மாற்ற முடியாது என்பதால், அறைகலன் தலைப்பில் பணம் இருந்தால் அறைகலன்தான் வாங்க வேண்டும். ஒழுகும் கூரைக்கு அடியில் புதிய நாற்காலிகள் பாலித்தீன் உறை கிழிக்கப்படாமல் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதை அரசு அலுவலகங்களுக்குச் சென்றுவரும் வாசகர்கள் பலரும் பார்த்திருப்பார்கள்.

நான் பணியாற்றிய அலுவலகம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே பதிவறையில் பழைய கோப்புகள் தரையில் அடுக்கப்பட்டிருந்தன. ஈரமும் கரையானும் சேர்ந்து அவற்றை அரித்துக்கொண்டிருந்தன. ஒரு குடும்பத்தின் உரிமையை நிலைநாட்டக் கூடிய ஒரே ஆவணம் அந்தக் குவியலில் இருக்கக்கூடும் என்பதால், ஆண்டுதோறும் ஜூன் மாதம் தேவைப் பட்டியல் கேட்கப்படும்போதெல்லாம் இரும்பு அடுக்குகள் வேண்டும் என்று எழுதி அனுப்பினோம். அடுக்குகள் வரவில்லை. ஒரு மார்ச் மாதத்தில், நாங்கள் கேட்காமலேயே, மையக் கொள்முதலில் வாங்கப்பட்ட தொடுதிரைத் தகவல் பெட்டி ஒன்று வந்து இறங்கியது. பொதுமக்கள் விரலால் தொட்டுத் தங்கள் மனுவின் நிலையை அறிந்துகொள்வதற்காம். அந்தப் பெட்டிக்கு வேண்டிய தகவலை அன்றாடம் ஏற்றுவதற்கு ஆளும் இல்லை, மென்பொருளும் முழுமையாக இல்லை, அதை இயக்கக் கற்றுக்கொடுக்க வந்தவர் இரண்டாம் முறை வரவுமில்லை. சில மாதங்களில் அது கதவுக்குப் பின்னால் தள்ளப்பட்டது. நான் ஓய்வு பெற்றபோதும் இருப்புப் பதிவேட்டில் அது நல்ல நிலையில் உள்ள பொருளாகவே இருந்தது. கோப்புகள் தரையிலேயே கிடந்தன. அந்தப் பெட்டியின் விலைக்கு அந்த அறை முழுவதும் அடுக்குகள் போட்டிருக்கலாம். அந்த ஆவணங்களைத் தேடி வந்து வெறுங்கையோடு திரும்பிய முதியவர்களின் முகங்கள் என்னைவிட்டு இன்னும் அகலவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்தக் கொள்முதலில் விலை குறித்து எந்தத் தவறும் கண்டுபிடிக்க முடியாது என்பது. நம் கொள்முதல் விதிகள் எல்லாம் விலையைக் காவல் காக்கின்றன. தேவையைக் காவல் காப்பதற்கு ஆள் இல்லை. அடுப்பங்கரையில் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பார்த்த பிறகுதான் நம் வீட்டுப் பெண்கள் மளிகைப் பட்டியல் எழுதுகிறார்கள். அந்த ஒரு படி அரசுக் கொள்முதலில் விடுபட்டுப்போயிருக்கிறது. இருப்புப் பதிவேட்டைப் புரட்டாமலே புதிய கோரிக்கை எழுதப்படுகிறது. பயன்படுத்தப் போகிறவரைக் கேட்காமலே பொருளின் தன்மை தீர்மானிக்கப்படுகிறது.

விலையைக் காவல் காக்கும் ஏற்பாடு அவசியமானது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1998-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் ஒரு நல்ல சட்டம். ஒப்பந்தப்புள்ளிப் பெட்டிக்கு அருகே ஆள்களை நிறுத்திப் போட்டியாளர்களை மிரட்டி அனுப்பிய காலத்தை நேரில் கண்டவர்களுக்கு, இணையவழி ஒப்பந்தப்புள்ளி எவ்வளவு பெரிய மாற்றம் என்பது தெரியும். 2016 ஆகஸ்டில் மத்திய அரசு தொடங்கிய ஜெம் என்னும் மின்சந்தையும், ஒரே பொருளின் விலையைப் பல விற்பனையாளர்களிடம் ஒப்பிட்டுப் பார்க்க வழி செய்தது. ஆனால் இவை எல்லாமே பெரிய கொள்முதலுக்குத்தான் கடிவாளம். சிறிய தொகைகளுக்கு விதிகள் தளர்த்தப்பட்டிருக்கின்றன. மத்திய விதிகள் 2017-இல் வெளியானபோது 25,000 ரூபாய் வரை விலைப்புள்ளி பெறாமலும், அதற்கு மேல் 2.5 லட்சம் ரூபாய் வரை மூவர் கொண்ட உள்ளூர்க் கொள்முதல் குழு வழியாகவும் வாங்க இடமளித்தன. மாநிலத்திலும் இத்தகைய வரம்புகள் உண்டு. அன்றாட நிர்வாகம் நடக்க இந்தத் தளர்வு வேண்டும். ஆனால் மார்ச் மாதம் வந்ததும் இதுவே ஓட்டையாகிவிடுகிறது. ஒரே தேவையைப் பல துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டும் வரம்புக்குச் சற்றுக் கீழே நிற்குமாறு தனித்தனிப் பட்டியல் போடப்படுகிறது. இப்படிப் பிரிக்கக் கூடாது என்று விதியே வெளிப்படையாகச் சொல்கிறது என்பதை நினைவூட்டும் கணக்கர், அலுவலகத்தில் வேலை நடக்க விடாதவர் என்று பெயர் வாங்குகிறார். மூன்று விலைப்புள்ளிகள் கேட்டால் மூன்றையும் ஒரே கடைக்காரரே கொண்டுவந்து கொடுக்கிறார். மூன்று தாள்களிலும் கடையின் பெயர் வேறு, எழுத்துப்பிழை ஒன்று. இதைக் கண்டும் காணாமல் கையெழுத்திடுபவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் அல்லர். மார்ச் 31-க்குள் பட்டியல் போகவில்லையென்றால் தன் தலைக்கு வரும் என்று பயப்படுகிறவர்கள்.

குறைந்த விலை என்ற ஒன்றை மட்டுமே பிடித்துக்கொள்வதால் வரும் நட்டம் அச்சுப்பொறிகளில் நன்றாகத் தெரியும். எந்த நிறுவனத்தின் அச்சுப்பொறி விலை குறைவோ அது வாங்கப்படுகிறது. சில மாடல்களில் இரண்டு மூன்று டோனர் வாங்கும் தொகைக்குப் புதிய அச்சுப்பொறியே வாங்கிவிடலாம் என்ற நிலை பின்னர்தான் தெரியவருகிறது. அடுத்த ஆண்டு வேறு நிறுவனம் குறைந்த விலை காட்டுகிறது, அதற்கடுத்த ஆண்டு இன்னொன்று. ஐந்தாறு ஆண்டுகளில் ஓர் அலுவலகத்தில் ஒன்றுக்கொன்று பொருந்தாத நான்கு வகை அச்சுப்பொறிகளும், எதற்கும் பொருந்தாமல் காலாவதியாகிப்போன டோனர் பெட்டிகளும் சேர்ந்துவிடுகின்றன. இயந்திரம் வாங்கப் பணம் தரும் தலைப்பு வேறு, அதை இயக்கவும் பராமரிக்கவும் பணம் தரும் தலைப்பு வேறு என்பதால், முன்னதில் பணம் வந்து பின்னதில் வராத ஆண்டுகளில் புத்தம்புதிய இயந்திரம் தாள் காணாமல் நிற்கிறது. ஊழியர் தம் கைக்காசில் வெளியே நகல் எடுத்து வருகிறார், அல்லது மனுதாரரையே எடுத்துவரச் சொல்கிறார். இரண்டாவது வழக்கம் எத்தனை ஏழைகளின் அரைநாள் கூலியைத் தின்கிறது என்பதை எந்தத் தணிக்கையும் கணக்கிடுவதில்லை. எந்த அளவுகோலில் ஒப்பிடப்போகிறோம் என்பதை ஒப்பந்தப்புள்ளி ஆவணத்திலேயே முன்கூட்டி அறிவித்துவிட்டால், ஐந்தாண்டு இயக்கச் செலவையும் பராமரிப்புச் செலவையும் சேர்த்தே விலையை ஒப்பிட முடியும். அப்படிச் செய்யும் துறைகளும் இருக்கின்றன. பெரும்பாலான அலுவலகங்களுக்குப் பொருளின் முகப்பு விலையைக் காட்டிவிட்டால் பொறுப்பு முடிந்துவிடுகிறது.

மருத்துவக் கருவிகளில் இந்த நட்டம் உயிரோடு தொடர்புடையதாகிறது. மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களில் அரசு மருத்துவமனைகளின் கருவிகளைக் கணக்கெடுத்தபோது, 29,115 மருத்துவ நிலையங்களில் 7,56,750 கருவிகள் இருப்பதும், மாநிலத்துக்கு மாநிலம் அவற்றில் 13 முதல் 34 சதவீதம் வரை இயங்காமல் கிடப்பதும் தெரியவந்தது. அதன் பிறகே கருவிப் பராமரிப்புக்கென்று தனித் திட்டம் கொண்டுவரப்பட்டது. சில மாநிலங்களில் மூன்றில் ஒரு கருவி வேலை செய்யவில்லை என்றால் அதற்குக் காரணம் பழுது மட்டுமல்ல. மும்முனை மின் இணைப்பு இல்லாத கட்டடத்துக்குக் கருவி அனுப்பப்பட்டிருக்கும். இயக்கத் தெரிந்த தொழில்நுட்பர் பணியிடம் காலியாக இருக்கும். உத்தரவாதக் காலம் பெட்டி பிரிக்கப்படாத நிலையிலேயே முடிந்துபோயிருக்கும். ஒரு சிறு உதிரிபாகம் வாங்க ஒதுக்கீடு இருக்காது. ஸ்கேன் எடுக்கத் தனியார் நிலையத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கப்பட்ட நோயாளியின் குடும்பம், அதே கருவிக்காக ஒருமுறை வரியாகவும் மறுமுறை கட்டணமாகவும் பணம் கட்டுகிறது.

இந்தத் துறையிலேயே இதற்கு மாற்றான வழியையும் தமிழ்நாடு நாட்டுக்குக் காட்டியிருக்கிறது என்பதை மிகுந்த பெருமிதத்தோடு சொல்கிறேன். 1994 ஜூலையில் பதிவு செய்யப்பட்டு 1995 தொடக்கத்தில் செயல்படத் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை வணிகப் பெயரில் வாங்காமல் மூலப்பெயரில், மாநிலம் முழுமைக்கும் ஒன்றாகச் சேர்த்து ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்கியது. அதனால் விலை குறைந்தது எல்லாருக்கும் தெரிந்த செய்தி. என் பார்வையில் அதைவிட முக்கியமானது பாஸ்புக் முறை. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் அந்த ஆண்டுக்குரிய தொகை ஒரு பாஸ்புக்கில் வரவு வைக்கப்படுகிறது. மாவட்டத்துக் கிடங்கிலிருந்து மருத்துவமனை தனக்குத் தேவைப்படும் மருந்தைத் தேவைப்படும்போது எடுத்துக்கொள்கிறது. எடுத்ததற்கு ஏற்பத் தொகை கழிக்கப்படுகிறது. எந்த மருந்து எவ்வளவு ஓடுகிறது என்ற கணக்கு அடுத்த கொள்முதலின் அளவை நிர்ணயிக்கிறது. வந்திறங்கும் ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பித் தரம் உறுதியான பிறகே மருந்து வழங்கப்படுகிறது. மேலே இருப்பவர் நினைத்ததைக் கீழே தள்ளிவிடும் வழக்கத்துக்கு இதில் இடம் குறைவு. கேரளமும் ராஜஸ்தானும் பின்னாளில் இதைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்தன. மருந்துக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே நம்மால் செய்ய முடிந்ததை மேசைக்கும் கணினிக்கும் குடிநீர்க் கருவிக்கும் ஏன் செய்ய முடியவில்லை என்ற கேள்விக்கு நிதித்துறை விடை சொல்ல வேண்டும். அலுவலகங்களுக்கு ஆண்டுத் தொடக்கத்திலேயே வரவு வைத்து, அவர்கள் கேட்கும் பொருளை, கேட்கும் மாதத்தில், மாநில அளவில் முடிவு செய்த விலையில் எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டைப் பிற பொருள்களுக்கும் விரிவுபடுத்தினால், மார்ச் மாத அவசரத்துக்கு வேலையே இருக்காது.

வாங்கிய பொருளின் பின்கதையும் வாங்கும் கதையைப் போலவே வருத்தம் தருவது. நிலையான சொத்துகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது நேரில் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் ஒரு மேசையிலிருந்தபடியே, பதிவேட்டின்படி இருப்பு சரியாக உள்ளது என்று சான்றெழுதி முடித்துவிடுகிறார்கள். பழுதடைந்த பொருளைக் கழிவு செய்வதற்கான நடைமுறை நீளமானது. குழு அமைக்க வேண்டும், மதிப்பு நிர்ணயிக்க வேண்டும், ஏலம் விட வேண்டும், கேட்பவர் வராவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் பொறுப்பேற்ற எவரும் அதில் கை வைக்காமல் அடுத்தவரிடம் பொறுப்பை ஒப்படைத்துப் போய்விடுகிறார்கள். எந்த மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்திலும், எந்தக் காவல் நிலையத்தின் பின்புறத்திலும் கொடி படர்ந்து நிற்கும் ஜீப்புகளைப் பார்க்கலாம். ஏலம் போக வேண்டிய ஆண்டில் போயிருந்தால் கணிசமான தொகைக்கு விற்றிருக்கக் கூடிய வாகனம், பத்து மழைக்காலம் நனைந்தபின் எடைக்கு இரும்பாகிறது. பதினைந்து ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது என்று 2023 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு விதி கொண்டுவந்த பிறகு இப்படி நிற்கும் வண்டிகள் இன்னும் கூடியிருக்கும். பயனற்ற பொருள் அடைத்துக்கொண்டிருக்கும் இடமும் பொதுச்சொத்துதான். அந்த அறை காலியாக இருந்திருந்தால், என் பழைய அலுவலகத்துக் கோப்புகள் அங்கே போயிருக்கும்.

தணிக்கை இதையெல்லாம் பிடிக்காதா என்று கேட்கலாம். பிடிக்கிறது, ஆனால் மிகவும் தாமதமாக. கொள்முதல் முடிந்து, தணிக்கைக் குழு வந்து, ஆட்சேபணை எழுதி, துறையின் பதிலுக்குக் காத்திருந்து, அறிக்கையாகிச் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டு, பொதுக் கணக்குக் குழு அதை எடுத்துக்கொள்ளும்போது, கொள்முதல் செய்தவர் பதவி உயர்ந்து வேறு துறைக்குப் போயிருப்பார் அல்லது ஓய்வு பெற்றிருப்பார். பொருளும் பழையதாகியிருக்கும். மேலும், தணிக்கையாளர் கைக்குக் கிடைப்பது கோப்பு. விலைப்புள்ளி மூன்று இருக்கிறதா, ஒப்புதல் ஆணை இருக்கிறதா, இருப்பில் ஏற்றப்பட்டதா என்று பார்க்கக் கோப்பு போதும். அந்தப் பொருளை நேற்று யாராவது பயன்படுத்தினார்களா என்பது கோப்பில் இருக்காது. அதை அன்றாடம் அந்த அலுவலகத்துக்கு வந்துபோகும் பொதுமக்கள்தான் அறிவார்கள்.

ஆகவேதான் கணக்கை மக்களிடம் கொண்டுவர வேண்டும் என்கிறேன். இதற்கு நம் ஊராட்சிகளே முன்மாதிரி. ஒரு கிராம ஊராட்சித் தலைவர் தெருவிளக்குக்கு பல்பு வாங்கியதையும் கைப்பம்புக்கு உதிரிபாகம் வாங்கியதையும் கிராம சபையில் வைத்தாக வேண்டும். குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நான்கோடு, உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-ம் உள்ளாட்சி நாளான நவம்பர் 1-ம் சேர்ந்து இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. எழுந்து நின்று, எங்கள் தெருவில் பல்பே எரியவில்லையே என்று கேட்க ஒரு விவசாயத் தொழிலாளிக்கு உரிமை இருக்கிறது. அந்தச் சபைகள் எல்லாம் குறையின்றி நடக்கின்றன என்று நான் சொல்லவில்லை. பல ஊர்களில் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்குவதோடு முடிந்துவிடுவதும் உண்டு. ஆயினும் கேட்கும் உரிமையும் கேட்பதற்கான நாளும் இருக்கின்றன. பல மடங்கு பணம் செலவிடும் மாவட்ட அலுவலகங்களுக்கு அப்படியொரு நாளே கிடையாது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, நான்காம் பிரிவில், ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் ஒதுக்கீட்டையும் செலவையும் யாரும் கேட்காமலே தானாக முன்வந்து வெளியிட வேண்டும் என்று சொல்கிறது. பல துறைகளின் இணையதளங்களில் அந்தப் பகுதி பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாமல் கிடக்கிறது. மனுப் போட்டுக் கேட்டால் வணிக இரகசியம் என்று எட்டாம் பிரிவைக் காட்டி மறுப்பதும் நடக்கிறது. மக்கள் பணத்தில் வாங்கி மக்கள் அலுவலகத்தில் வைத்திருக்கும் நாற்காலியின் விலையில் என்ன வணிக இரகசியம் இருக்க முடியும்?

இப்போது ஊதியமும் பட்டியல்களும் கணினிவழிக் கருவூல முறையில்தான் செல்கின்றன. எந்த அலுவலகம், எந்தத் தலைப்பில், எந்த நாளில், யாருக்கு எவ்வளவு கொடுத்தது என்ற விவரம் ஏற்கெனவே அரசின் கணினியில் இருக்கிறது. புதிதாகத் திரட்ட வேண்டிய தேவை எதுவும் இல்லை. வெளியிட மனம் வேண்டும், அவ்வளவுதான். அதோடு இரண்டு மாற்றங்களையும் நிதித்துறை செய்ய வேண்டும். கொள்முதல் கோரிக்கையோடு, அந்தப் பொருளைப் பயன்படுத்தப் போகும் பிரிவு எழுத்துமூலம் கேட்ட தாளும், ஏற்கெனவே உள்ள இருப்பின் நிலையும் இணைக்கப்படாவிட்டால் கருவூலம் பட்டியலைத் திருப்பி அனுப்ப வேண்டும். உரிய காரணத்தோடு டிசம்பர் மாதத்துக்குள் பணத்தைத் திருப்பி ஒப்படைக்கும் அலுவலகத்தின் அடுத்த ஆண்டு ஒதுக்கீடு அந்தக் காரணத்துக்காகக் குறைக்கப்படாது என்று எழுத்துமூலம் உறுதி தர வேண்டும். இந்த இரண்டாவது உறுதி மட்டும் கிடைத்தால், நேர்மையாக வேலை செய்ய விரும்பும் பல்லாயிரம் அலுவலர்களும் பணியாளர்களும் நிம்மதியாக மூச்சுவிடுவார்கள் என்பதை அவர்களோடு பணியாற்றியவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்ல முடியும்.

தமிழ்நாடு அரசின் நிதித்துறை, வரும் மார்ச் மாதத்தில் ஒவ்வொரு மாவட்ட அலுவலகமும் வாங்கும் பொருள்களின் பெயர், எண்ணிக்கை, விலை, விற்பனையாளர், பொருள் வைக்கப்பட்டிருக்கும் அறை ஆகிய விவரங்களை ஏப்ரல் 30-க்குள் அந்தந்த அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையிலும் மாவட்ட இணையதளத்திலும் வெளியிட ஆணை பிறப்பிக்க வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பட்டியல் வெளிவந்தாலும் வராவிட்டாலும், உங்கள் மாவட்டச் செய்தியாளர்கள் அக்டோபர் மாதம் ஏதேனும் சில அலுவலகங்களுக்கு நேரில் சென்று, மார்ச்சில் வாங்கிய பொருள்கள் பெட்டி பிரிக்கப்பட்டிருக்கின்றனவா, மின் இணைப்பு கொடுக்கப்பட்டிருக்கின்றனவா, யாருக்குப் பயன்படுகின்றன என்பதைப் பார்த்து, மாவட்டப் பதிப்புகளில் எழுத வேண்டும் என்பதும் என் வேண்டுகோள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர்,
திருநெல்வேலி மாவட்டம்.